எரவாணத்தில் செருகுவது, இடுப்பில் கட்டுவது: வீட்டுப் பொருளில் காப்பு செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஈரோட்டுப் பக்கம். மார்கழி முடியப் போகிறது என்றாலே சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பிப்பார்கள்: காப்புக்கு என்னென்ன பூ, எலுமிச்சம்பழத்தை எந்தப் பக்கம் குத்துவது, குழந்தைக்கு வசம்பு கட்டலாமா. ஒரே பதிலை ஐம்பது தடவை சொல்லி அலுத்துவிட்டது. இங்கே எழுதி வைக்கிறேன்.

காப்பு, தாயத்து, திருஷ்டிக் கயிறு எல்லாம் ஒன்றுதானா?

காப்பது எதுவானாலும் காப்புதான். கையில் கட்டினாலும் கூரையில் செருகினாலும் அதே பேர். மாரியம்மன் நோன்புக்கு மஞ்சள் கிழங்கை முடிந்து மணிக்கட்டில் கட்டுவதும் காப்பு; கல்யாணத்தில் அதையே கங்கணம் என்பார்கள். தாயத்து என்றால் உள்ளே எதையாவது அடைத்து மூடிய குப்பி. திருஷ்டிக்குக் கட்டுவது மட்டும் கொஞ்சம் வேறு ரகம். தாயத்து சட்டைக்குள் மறைந்து கிடக்கும். திருஷ்டிப் பொருளோ எல்லார் கண்ணிலும் பட்டாக வேண்டும். பார்க்கிறவன் கண் முதலில் அதன்மேல் விழட்டும் என்பதற்காகத்தான் கட்டிடத்துக்கு முன்னால் நாக்கைத் துருத்திய பூதத்தை மாட்டுகிறோம், குழந்தையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைக்கிறோம். அதனால் திருஷ்டிக் காயைக் கதவுக்குப் பின்னால் மாட்டாதீர்கள். அழகாக இல்லை என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அழகே வேண்டாம்.

போகிக்குக் கட்டும் காப்பில் என்னென்ன சேர்க்க வேண்டும்?

எங்கள் பக்கம் மூன்று இருந்தால் போதும்: வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. பூளைப்பூவைச் சிறுபீளை என்றும் சொல்வார்கள். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போலக் காம்பு நெடுகப் பூத்திருக்கும். மாவிலை, தும்பை, பிரண்டை சேர்ப்பவர்களும் உண்டு. ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தால் அதை விடாதீர்கள், நான் சொல்லாவிட்டாலும்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கொத்து வேப்பிலையை அடியில் வைத்து, அதன்மேல் ஆவாரங்கிளை ஒன்று, அதற்கும் மேலே பூளைப்பூ நாலைந்து காம்பு. எல்லாவற்றின் அடிக்காம்பையும் ஒன்றாகச் சேர்த்து வாழை நாரால் இறுக்கிச் சுற்ற வேண்டும். நாரைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காய்ந்த நார் சுற்றும்போதே படக்கென்று அறுந்துவிடும். நார் கிடைக்காவிட்டால் சணல். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம். பங்குனி வெயிலுக்கே இற்றுப்போய்க் கொத்து கீழே விழுந்துவிடும். விழுந்தது கெட்ட சகுனம் என்று வீட்டில் ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் நடந்ததுதான்.

போகி அன்று சாயங்காலம், வீட்டைக் கூட்டி மெழுகிய பிறகு, எரவாணத்தில், அதாவது கூரை இறங்கி முடிகிற ஓரத்தில், செருக வேண்டும். மாட்டுத் தொழுவம், கிணற்று மேடு, வயல் மூலை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கொத்து. அபார்ட்மெண்டில் எரவாணத்துக்கு எங்கே போவது? நிலைப்படிக்கு மேலே ஓர் ஆணி அடித்தால் சரி. வேப்பிலை சீக்கிரமே சருகாகிவிடும், ஆவாரம்பூ உதிரும். பூளைப்பூ மட்டும் நிறம் மாறாமல் அடுத்த தை வரைக்கும் நிற்கும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?

நம்ப முடியாத அளவுக்குப் பழையது. புறநானூற்றின் 281-ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது. போரில் காயம்பட்டு வந்து கிடக்கிறான் ஒருவன். அவனைக் காக்கத் தோழியைக் கூப்பிடுகிறாள் மனைவி: 'தீங்கனி இரவமொடு வேம்பு மனைச் செரீஇ' என்று தொடங்குகிறது. இரவ மரத்துத் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டில் செருகி என்று அர்த்தம். பிறகு ஐயவியைச் சிதறுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். ஐயவி என்பது வெண்சிறுகடுகு.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. செரீஇ என்றால் செருகி. எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) போகி அன்று 'காப்பைச் செருகியாச்சா?' என்றுதான் கேட்பார். கட்டியாச்சா, மாட்டியாச்சா என்று கேட்டதே கிடையாது. அதே வேம்பு, அதே வினைச்சொல். கடுகும் எங்கேயும் போகவில்லை. இன்றைக்கும் உப்பு, மிளகாயோடு சேர்த்துச் சுற்றிப் போடுகிறோமே, அதுதான்.

குழந்தைகளுக்குக் கட்டும் காப்பும் புறநானூற்றில் இருக்கிறது. தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு சின்னப் பையனாகப் போருக்கு வந்தான் என்று வியக்கிற இடைக்குன்றூர் கிழார், 'தாலி களைந்தன்றும் இலனே' என்கிறார் (77-ஆம் பாட்டு). பிள்ளைப் பருவத்துத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லையாம். இது கல்யாணத் தாலி இல்லை, ஐம்படைத் தாலி. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தையும் சின்னச் சின்னதாகச் செய்து குழந்தை கழுத்தில் கோத்துப் போடுவது.

எலுமிச்சை மிளகாய் எப்படிக் கோப்பது? எனக்கு இரண்டு நாளில் அழுகிவிடுகிறது.

அழுகுவதற்குப் பெரும்பாலும் பழம்தான் காரணம். கல் மாதிரி கெட்டியாக, புள்ளி இல்லாமல், பாதி பச்சையாக இருக்கிற பழமாகப் பார்த்து எடுங்கள். சாறு பிழிய நல்ல பழம் இதற்கு ஆகாது. கழுவினால் ஈரம் போகத் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட வையுங்கள்.

கோணி ஊசியும் கறுப்புப் பருத்தி நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலை நாலு புரியாக முறுக்கி, அடிமுனையில் ஒரு துண்டு அடுப்புக்கரியைக் கட்டுங்கள். பழம் நழுவாமல் தாங்குவது அந்தக் கரிதான். பழத்தைக் காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, நட்ட நடுவில் ஒரே குத்தாகக் குத்த வேண்டும். தயங்கித் தயங்கி நாலு இடத்தில் குத்தினால் நாலு ஓட்டை. அத்தனையிலும் சாறு கசியும். அதற்கு மேல் மிளகாய், ஐந்தோ ஏழோ. மிளகாயின் வயிற்றில் குத்தாதீர்கள். காம்பும் காயும் சேருகிற அந்தப் பச்சைக் குல்லாயில் குத்தினால் உள்ளே காற்றுப் போகாது. அழுகாமல் வற்றிக் காயும். ஒரு மிளகாய் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோத்தால் ஏணி மாதிரி நிற்கும். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள், அப்புறம் கண்ணைத் தொடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாற்றுகிறவர்கள் உண்டு, அமாவாசைக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. வாரம் ஒரு முறை என்பது பழத்தின் ஆயுசுக்கும் சரியாக இருக்கும்.

ஓர் உபரித் தகவல்: மிளகாய் நம் ஊர்க் காய் இல்லை. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது, ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் நமக்கு மிளகுதான். ஆக, 'ஆதிகாலத்து எலுமிச்சை மிளகாய்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

நூல் வழியாக வைட்டமின் சி காற்றில் பரவி வீட்டைச் சுத்தமாக்கும் என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. வைட்டமின் சி ஆவியாகிப் பரவுகிற பொருள் இல்லை. நம்பிக்கையாகக் கட்டுங்கள், பழக்கமாகக் கட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு லேப் கோட்டு மாட்டி விடுவதுதான் எனக்குப் பிடிக்காது.

வாசலில் கட்டின படிகாரம் சிறுத்துப் போய்விட்டது. திருஷ்டியை இழுத்துக்கொண்டதா?

மழைச் சாரல் இழுத்துக்கொண்டது. படிகாரம் தண்ணீரில் கரைகிற உப்பு. கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்கவும், சவரக் கத்தி பட்ட இடத்தில் தேய்க்கவும் பயன்படுத்துகிறோமே, அதே கல்தான். சாரல் படாத இடத்தில் கட்டினால் வருஷக் கணக்கில் அப்படியே இருக்கும். கல்லைக் கயிற்றால் நேரடியாகக் கட்டினால் நழுவும். தேங்காய் நார்க் கயிற்றில் உறி மாதிரி பின்னி அதற்குள் உட்கார வையுங்கள்.

கறுப்புக் கயிற்றுக்கு எத்தனை முடிச்சு? மந்திரம் தெரியாமல் கட்டலாமா?

மூன்று என்பார்கள், ஒன்பது என்பார்கள். எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மந்திரம் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் குலதெய்வத்தின் பேரைச் சொல்லி முடியுங்கள். எங்கள் அம்மாயிக்கு ஒரு மந்திரமும் தெரியாது. முடிச்சுக்கு ஒரு பேரன் பேத்தி பெயரைச் சொல்லிக்கொண்டே போடுவார். ஏழாவது முடிச்சில் எப்போதும் என் பெயர் மறந்துபோகும்.

குழந்தைக்கு எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது?

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். குழந்தை கையில் கட்டினது அரை மணி நேரத்தில் வாய்க்குப் போகும்; எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் குன்றிமணி. சிவப்பில் கறுப்புப் பொட்டு, பார்க்கக் கொள்ளை அழகு. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அது. அதற்குள் இருக்கிற அப்ரின் கொடிய விஷம். ஓடு உடையாத மணியை விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் கோப்பதற்காகத் துளை போட்ட மணியில் அந்த ஓடு ஏற்கெனவே உடைந்துதானே இருக்கிறது? குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் கிடந்தால் எடுத்து உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது வசம்பு வளையல். பேர் சொல்லாதது, பிள்ளை வளர்ப்பான் என்றெல்லாம் நம் பாட்டிகள் செல்லம் கொடுத்த மருந்து. எனக்கும் கட்டித்தான் வளர்த்தார்கள். ஆனால் அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் 1968-லேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். இங்கேயும் குழந்தை மருத்துவர்கள் நாக்கில் தடவாதீர்கள் என்கிறார்கள். வளையலாகப் போட்டால் மட்டும் என்ன, நாள் முழுக்கச் சப்பிக்கொண்டுதானே இருக்கும். வாசனை வேண்டும் என்றால் தொட்டிலுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் ஒரு துண்டைக் கட்டுங்கள்.

கற்பூரத்தையும் ஓமத்தையும் துணியில் முடிந்து கழுத்தில் தொங்க விடுவது கொரோனா சமயத்தில் ரொம்பப் பரவியது. சின்னக் குழந்தை கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். இதுவும் வேண்டாம்.

அப்புறம் உலோகம். என்ன உலோகம் என்று தெரியாத மணி, குப்பி, தகடு எதுவும் குழந்தைக்கு ஆகாது. 2009-இல் நியூயார்க்கில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பது தெரிந்தது. தேடிப் பார்த்தால், காப்புக்காகக் கம்போடியாவிலிருந்து வாங்கிக் கயிற்றில் முடிந்து போட்டிருந்த மணிகள். அதில் கிட்டத்தட்ட பாதி ஈயம். குழந்தை அதை வாயில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காப்பாற்றக் கட்டினதே வினையாகிவிட்டது.

கழுத்தில் கயிறே கட்டாதீர்கள். தூங்கும்போது தொட்டிலில் மாட்டி இறுகும். இடுப்பில் அரைஞாண் கட்டலாம், பருத்திக் கயிறு, இரண்டு விரல் நுழைகிற தளர்வோடு. குளிப்பாட்டின பிறகு கயிற்றுக்கு அடியிலும் துடையுங்கள். ஈரமாகவே கிடந்தால் படை வரும். குழந்தை மாதா மாதம் பெருக்கும், கயிறு பெருக்காது. அதனால் மாதம் ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். நூல் பிரிந்து பிசிறடித்தால் உடனே மாற்றுங்கள். பிசிறு விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

அப்படியானால் குழந்தைக்கு எதைத்தான் செய்வது?

கன்னத்தில் ஒரு பொட்டு. இதற்கு மேல் பத்திரமான காப்பு எனக்குத் தெரியாது. மையை நீங்களே செய்யலாம்.

இரும்பு வாணலியில் ஒரு கைப்பிடி ஜவ்வரிசி போட்டு எண்ணெய் இல்லாமல் வறுங்கள். முதலில் வெள்ளையாகப் பொரியும், அப்புறம் பழுப்பாகும், அப்புறம் புகை கிளம்பும். அங்கே பயந்து இறக்கிவிடாதீர்கள். கரிக்கட்டை மாதிரி ஆகி, ஒன்றோடொன்று ஒட்டி, உருகின தார் போலப் பளபளக்கும் வரை விட வேண்டும். அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். சூட்டிலேயே ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். மறுபடி அடுப்பில் வைத்துக் கிண்டி, கூழ் பதம் வந்ததும் வடிகட்டி, சுத்தமாகச் சுரண்டின கொட்டாங்குச்சியில் ஊற்றி வெயிலில் காய விடுங்கள். நாலைந்து நாளில் வெடிப்பு விட்டு இறுகும். விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் மை வரும். ஒரு கொட்டாங்குச்சி மை ஒரு பிள்ளை வளர்கிற வரைக்கும் காணும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

கன்னத்தில், நெற்றியில், உள்ளங்காலில் வைக்கலாம். கண்ணுக்குள் வேண்டாம், இதுவும் கடை மையும். கடையில் விற்கிற சில கண்மைகளில், சுர்மாவில் ஈயம் இருக்கிறது.

தாயத்துக்குள் தொப்புள்கொடி வைப்பதில் ஸ்டெம் செல் விஞ்ஞானம் இருக்கிறதாமே?

காய்ந்த கொடியில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது. ஸ்டெம் செல் வங்கியில் கொடி ரத்தத்தை உறைகுளிரில் வைக்கிறார்கள், வெள்ளிக் குப்பியில் போட்டு இடுப்பில் கட்டுவதில்லை. தாய் + அத்து என்று பிரித்துச் சொல்வதும் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். சொல் அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்தது, அங்கே தாவீஸ். பாதுகாப்புத் தேடுவது என்று பொருள். எனக்கு அந்த நிஜக் கதையே பிடித்திருக்கிறது. சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கிற இந்துப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். குழந்தை அழுகையை நிறுத்தினால் சரி, எந்தச் சாமி என்று எந்த அம்மா கேட்டாள்?

ஒருவர் செப்புத் தகட்டுக்கு மூவாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கொடுத்தாள். 48 நாளில் பலன் என்றார் அந்த ஆள். 49-ஆம் நாள் போன் செய்தால், தீட்டுப் பட்டுவிட்டது, இன்னொரு தகடு வேண்டும் என்றார். இரண்டாவது தகட்டுக்கும் அவள் பணம் அனுப்பின பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. பயமுறுத்தி விற்கிற எதையும் வாங்காதீர்கள்.

கட்டின பிறகும் குழந்தைக்குக் காய்ச்சல், பேதி. திருஷ்டி அதிகமா?

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீர் தட்டியிருக்கிறது, உரம் விழுந்திருக்கிறது என்று மந்திரிக்க அலைகிற நேரத்தில் குழந்தையின் உடம்பிலிருந்து தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். போகிற வழியில் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். சுற்றிப் போடுவதை வந்து பார்த்துக்கொள்ளலாம், அது காத்திருக்கும்.

பழையதை எங்கே போடுவது?

போகிக் காப்பை அடுத்த போகி நெருப்பில் போட்டுவிடலாம். எலுமிச்சையைச் செடிக்கு அடியில் புதையுங்கள். முச்சந்தியில் போடுவதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறீர்களா? உடைத்த பூசணிக்காய் சகதியில் வண்டி வழுக்கி விழுந்து கையைக் காலை முறித்துக்கொள்கிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. நம் வீட்டுத் திருஷ்டி அடுத்த வீட்டுப் பையனின் முழங்காலில் போய் முடிய வேண்டாம். உடைத்தால் ஓரமாக உடையுங்கள், உடைத்த கையோடு அள்ளிவிடுங்கள்.

கயிறு கட்டினால் முடிச்சு தானாக அவிழ்ந்துகொண்டே இருக்கிறது. ஏதாவது குறையா?

நைலான் கயிறாக இருக்கும். கடையில் பளபளவென்று தொங்குவதெல்லாம் நைலான்தான், வழுக்கும். பருத்திக் கயிறு என்று கேட்டு வாங்கி, கட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துப் பிழிந்து காய வையுங்கள். கறுப்புச் சாயமும் கொஞ்சம் போகும், வெள்ளைச் சட்டையும் தப்பிக்கும்.